ஆறு பேருக்கு ஒரு சங்கவி

காரின் கதவைத் திறப்பதற்கு முன்பே நாற்றம் உள்ளே வந்துவிட்டது. ஷ்யாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ள நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம். போன் பண்ணேன், எடுக்கலன்னு சொல்லு. அவ்ளோதான்," என்றான். கூடுவாஞ்சேரியில் கிளம்பியதிலிருந்து இது மூன்றாவது முறை. சங்கவி கதவைத் திறந்து இறங்கினாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மணலில், இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி அது. தொட்டிகளுக்குள் காற்று ஊதும் புளோயர் நின்றுபோனால் குஞ்சுகள் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதைத் தூரத்திலிருந்து கண்காணிப்பதுதான், ஷ்யாம் மேனேஜராகவும் சங்கவி இன்ஜினியராகவும் இருக்கும் கம்பெனியின் தொழில். புளோயர் நின்றதும் டூட்டியில் இருக்கும் இன்ஜினியரின் போன் அலறும். அவர் 'ஏற்றேன்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு உடனே ஹேச்சரிக்குப் போன் போட வேண்டும். யாரும் அமுக்காவிட்டால் அடுத்தவர் போன் அலறும், பிறகு அதற்கும் மேலே உள்ளவருடையது.

இப்படி அலற வைக்கும் மென்பொருள் வெளிநாட்டுக்காரர்களுடையது. தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் டாலரில் கறப்பார்கள். கம்பெனியில் பத்துத் தலை. ஆறு பேர் டூட்டி பார்க்கும் இன்ஜினியர்கள், மற்ற நாலு பேர் ஷ்யாமும் மூன்று டைரக்டர்களும். அந்த நாலு பேரில் ஒருவர்கூட ஒருநாளும் ஓர் அலறலுக்குப் பதில் சொன்னதில்லை. செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, அந்த நாலு தலையை எடுத்துவிட்டு அவர்களுக்கு வாரம் ஓர் அறிக்கை அனுப்பினால் போதுமே என்று சங்கவிதான் சொன்னாள்.

"டைரக்டர் பேர எடுக்கச் சொல்றியா? நல்லாருக்கே," என்று சிரித்தான் ஷ்யாம்.

அவன் எடுத்தது இன்ஜினியர்களை. ஐந்து பேரின் பெயரை நீக்கிவிட்டு, மூத்தவள் என்பதால் சங்கவியின் பெயரை மட்டும் விட்டுவைத்தான். அவளுடைய பாஸ்வேர்டை ஆறு பேரும் அவரவர் போனில் போட்டுக்கொண்டார்கள். செலவு பாதியானது. டைரக்டர்கள் கைதட்டினார்கள். பாஸ்வேர்டைத் தர முடியாது என்று சங்கவியும் சொல்லவில்லை. குரூப்பில் அவளேதான் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எந்த ஹேச்சரியில் எது நின்றாலும் ஆறு போனும் சேர்ந்து அலறின. ஒருவர் அமுக்கினால் ஆறும் அடங்கின. திரையில் 'சங்கவி ஏற்றார்' என்று வரும். அவள் தூங்கும்போதும் ஏற்றாள், குளிக்கும்போதும் ஏற்றாள், பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோதும் ஏற்றாள். "இன்னா சங்கவி, வாயில மெஷின வச்சிகினே ரெண்டு அலாரம் எடுத்துட்ட போல," என்று அந்த ஆறு பேரில் ஒருவனான பாலா கலாய்ப்பான். அவளும் சிரிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, டூட்டி மாறுகிற நேரத்தில், இந்த ஹேச்சரியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. டூட்டி முடிந்து செங்கல்பட்டு ரயிலில் உட்கார்ந்திருந்த பாலா, சத்தத்தை அடக்குவதற்காகப் பொத்தானை அமுக்கினான். அடுத்த டூட்டிக்கு வரும் ஹேமந்த் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தான். பொத்தேரி மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹேமந்த், சங்கவி ஏற்றார் என்பதைப் பார்த்துவிட்டு, பாலாதான் கவனிக்கிறான் என்று நினைத்து ரசம் கேட்டான். ஹேச்சரிக்கு யாரும் போன் போடவில்லை.

ஆனால் ஹேச்சரியின் உரிமையாளருக்கு ஷ்யாம் அனுப்பிய அறிக்கையில் இப்படி இருந்தது: இன்ஜினியர் சங்கவி இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு ஏற்று, ஹேச்சரியை இருமுறை அழைத்தார்; அங்கே எவரும் எடுக்கவில்லை. அன்று அவளுக்கு வார விடுமுறை.

"ரெக்கார்டுல உன் பேர்தானே இருக்கு?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். "உன் வேலைக்கு நான் கேரண்டி. ஒரு அக்கவுன்ட்ட ஆறு பேர் ஓட்டுறோம்னு வெளிய தெரிஞ்சா ஒரு கஸ்டமர் நிக்க மாட்டான். அப்புறம் உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

ஷெட்டுக்குள் நாற்றம் தொண்டையில் போய் ஒட்டியது. செத்துப்போன குஞ்சுகள் தொட்டிகளின் அடியில் புளித்த கஞ்சியைப் போலத் தேங்கிக் கிடந்தன. ஹேச்சரியின் வேலைக்காரி எல்லம்மாள் முழங்கால்வரை தொட்டிக்குள் நின்று, அதை வலையால் அள்ளி பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். உரிமையாளர் காசிநாதன் கையில் அறிக்கையோடு நின்றிருந்தார்.

"வா சார். பேப்பர படிச்சேன். நீங்க இவ நம்பருக்குப் போன் போட்டீங்க, இவ எடுக்கல. அப்டித்தானே? இவள கேட்டா போனே வர்லன்றா. நாளையிலேர்ந்து வர வேணான்னுட்டேன். இத்த கழுவறதோட சரி."

"போனு இடுப்புலயேதான் கீது அண்ணாத்த," என்றாள் எல்லம்மாள். "அந்தாண்ட ஷெட்டுல பக்கெட்டால தண்ணி மாத்திகினு இருந்தேன், கரண்டு போனதே தெரில. அடிச்சா எனுக்குத் தெரியாதா? மிஸ்டு காலு கீதான்னு நீயே பாரேன்."

"கடலோரம் சார், சிக்னல் அப்படித்தான்," என்றான் ஷ்யாம் கைக்குட்டைக்குள்ளிருந்து. "எங்க பக்கம் ரிங் போகும், இங்க வராது. இவங்கதான் பண்ணாங்க. கேளுங்க."

காசிநாதன் திரும்பினார். "நீதான் அந்தச் சங்கவியா?"

அவள் தலையசைத்தாள். எல்லம்மாள் தொட்டியிலிருந்து இறங்கி வந்தாள். கை விரல்களில் பிசுபிசுவென்று வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்தக் கையோடு தன் பட்டன் போனை எடுத்து நீட்டினாள். "பண்ணியா பாப்பா? எந்த நம்பருக்குப் பண்ண? இதுலதானே வந்துருக்கணும்?"

ஒரே ஒரு 'ஆமா' போதும். ஷ்யாம் அவள் முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கவி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அலறியது. எழுந்து எடுப்பதற்குள் அடங்கிவிட்டது. திரையில் அவள் பெயர், அவள் ஏற்றுவிட்டதாக. அதைப் படித்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பவும் டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். யார் ஏற்றார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஷெட்டின் நாற்றத்தைவிட அந்த நிம்மதிதான் இப்போது அவளுக்குக் குமட்டியது.

"பண்ணல," என்றாள்.

"சங்கவி!" என்றான் ஷ்யாம்.

"நானும் பண்ணல, யாரும் பண்ணல. அவங்க போனு அடிக்கவே இல்ல." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு பெயரை ஆறு பேர் வைத்திருப்பதை, பாலா அமுக்கியதை, ஹேமந்த் பார்த்ததை, தான் போனைக் கவிழ்த்து வைத்ததை. இடையில் ஷ்யாம் இரண்டு முறை குறுக்கே பேசப் பார்த்தான். காசிநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதிக் குடு."

அறிக்கையின் பின்பக்கத்தில் நடந்ததை அவள் எழுதினாள். முதலில் தன் பெயர், பிறகு மற்ற ஐந்து பேர், கடைசியில் கையெழுத்து. காசிநாதன் அதை நிதானமாகப் படித்தார். பிறகு ஷ்யாமைப் பார்த்தார்.

"எங்கிட்ட கையெழுத்து வாங்கறப்போ இன்னா சொன்ன சார்? ஆறு பேரு பாத்துகினே இருப்பாங்கன்ன. கரெக்டுதான். ஆறு பேரும் பாத்துகினேதான் இருந்திருக்கீங்க."

ஷ்யாம் கைக்குட்டையை இறக்கினான். நாற்றம் முகத்தில் அறைந்திருக்க வேண்டும், உடனே திரும்பவும் பொத்திக்கொண்டான். "நீ பஸ்ல வந்துக்கோ," என்றான் அவளிடம். "நாளைக்கு ஆஃபீஸ் பக்கம் வந்துடாத." சேற்றில் கால் படாமல் தாண்டித் தாண்டிக் காருக்குப் போனான்.

காசிநாதன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எல்லம்மாளைப் பார்க்காமல், "காலைல நேரத்தோட வந்துடு," என்றார். மன்னிப்பு மாதிரி எதுவும் அதில் இல்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

சங்கவி அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஆறு போனா?" என்றாள் எல்லம்மாள். "தூ!" என்று ஓரமாகத் துப்பிவிட்டு ஹோஸ் பைப்பைக் கையிலெடுத்தாள். "நவுரு பாப்பா. தண்ணி வுடணும்."