சூளைக்காரன் இடம்

பொழுது புலரும் முன்பே இலை பறிக்க இறங்கிவிட்டார்கள். பென்ரித் துரையின் பண்ணையில் புகையிலை ஆள் உயரம் நின்றது. அடி இலைகள்தான் முதலில் பழுக்கும். அவற்றை ஒடிக்கக் குனிந்த முதுகு நிமிர்வதற்கில்லை. ஒடித்த இலையை இடது அக்குளில் செருகு, அடுத்ததை ஒடி, அதையும் செருகு. இலையிலிருந்து இறங்கும் பனி சட்டையை நனைத்து விலாவில் வழியும். பனியோடு இலையின் நஞ்சும் தோலுக்குள் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் தலை சுற்றும், வெறும் வயிறு குமட்டும். வரிசைக் கடைசியில் யாராவது ஓங்கரிக்கும் சத்தம் கேட்டால் மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிசின் படிந்த கைகள் கருத்து உலர்ந்து தார் பூசியதுபோல் வெடித்திருக்கும். அந்தக் கையால் உருட்டிய சோளக்களியும் கசக்கும்.

சென்சிராவுக்கு அன்று வாய்க்கு முன்னால் நெஞ்சு கசந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது சூளைகளின் புகைபோக்கிகள் கண்ணில் பட்டன. பனைபோல் உயர்ந்த செங்கல் கட்டடங்கள். உள்ளே அடுக்கடுக்காகக் குறுக்குக்கட்டைகள். அவற்றில் பச்சை இலையைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு போட்டுப் பொன்னிறமாக வாட்டி எடுப்பார்கள். மூன்றாம் சூளையின் அடுப்பு வாயில் லைசோனி நின்று கைகளைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தான். துரை கொடுத்த காக்கிக் கோட்டு முழங்கால்வரை தொங்கியது. காலில் பூட்ஸ்.

"குளிர் காயுறாரு மாப்பிள்ளை," என்றான் அடுத்த வரிசையில் நின்ற அல்ஃபாயி. மொசாம்பிக்கிலிருந்து எல்லை தாண்டி வந்தவன். வாய் சும்மா இராது. "சூளையைக் கட்டுனது நீ. சூடு காயுறது அவன்."

"வாயை மூடிக்கிட்டு இலையை ஒடி."

"அண்ணனுக்குக் கோவத்தைப் பாரு! நானாயிருந்தா அந்தக் கோட்டைக் கனவுலயாச்சும் போட்டுப் பார்த்திருப்பேன்."

சென்சிரா போட்டுப் பார்த்திருந்தான். பல தடவை.

சென்சிரா என்றால் ஷோனா மொழியில் வழியில் பிறந்தவன் என்று அர்த்தம். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைக்காரர்களுக்கு என்று சர்க்கார் கோடு கிழித்து, இங்கிருந்த குடும்பங்களை மலைக்கு அப்பால் கல்லுக்காட்டுக்கு விரட்டியபோது, நடைபாதையிலேயே அவன் தாய் அவனைப் பெற்றாள். வளர்ந்தபின் குடிசை வரி கட்ட வழியில்லாமல், பாட்டன் உழுத மண்ணுக்கே கூலிக்காரனாகத் திரும்பி வந்தான். இந்தச் சூளைகளுக்குச் செங்கல் அறுத்தது அவன் கை. பழைய சூளைக்காரன் காய்ச்சலில் செத்தபோது அடுத்தது சென்சிராதான் என்று பண்ணையே பேசிக்கொண்டது. துரையோ, முந்தின வருஷம் வடக்கே நயாசாலாந்து நாட்டிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்த லைசோனியைக் கூப்பிட்டு அடுப்புக் கோலைக் கையில் கொடுத்தான். கூடவே கோட்டு, பூட்ஸ், தகரக் கூரை போட்ட செங்கல் வீடு.

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்! சென்சிராவின் வயிறு அன்று பற்றியது, அணையவேயில்லை. மழை பெய்தால் அந்தத் தகரக் கூரையின் சடசடப்பு குடிசை வரிசையின் கடைசிவரை கேட்கும். தன் கூரை ஒழுகுவதைவிட அந்தச் சத்தம்தான் அவனை உறங்கவிடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் லைசோனி வாசலில் உட்கார்ந்து பலகைத் தந்தி வாத்தியத்தை மீட்டி, வழியில் போகிறவர்களைக் கேலி பண்ணிப் பாட்டுக் கட்டுவான். தண்ணீருக்குப் போகும் சென்சிராவின் மனைவி மைடேய் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே சிரிப்பாள். தான் சொன்ன எதற்கும் அவள் இப்படிச் சிரித்ததாகச் சென்சிராவுக்கு நினைவில்லை.

"அந்த நயாசாலாந்துக்காரன்கிட்ட அப்படி என்ன சிரிப்பு?"

"உன்னைப் பத்தித்தான் பாடுனான். முறைச்சு முறைச்சே உன் புருவம் ரெண்டும் ஒட்டிப்போச்சாம்."

அதன்பின் சென்சிரா லைசோனியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மதியம் மூன்றாம் சூளையில் இலை ஏற்றினார்கள். வெளியே பெண்கள் இலைகளைக் கழியில் கட்டக்கட்ட, ஆண்கள் உள்ளே கால்களை அகட்டிக் குறுக்குக்கட்டைகளில் நின்று, கழிகளைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். துரை ஆள் குறைத்திருந்ததால் உச்சிக்கு ஏற ஆளில்லை. லைசோனி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தானே ஏறினான்.

கீழே நின்ற சென்சிரா அண்ணாந்து பார்த்தான். உச்சிக் கட்டை கரையான் தின்ற கட்டை. போன பருவத்தில் அவன் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது விரல் உள்ளே போனது. துரையிடம் அப்போதே சொன்னான். "அடுத்த வருஷம்" என்றான் துரை. அந்த அடுத்த வருஷம் இதோ மேலே கால் வைக்கிறது.

'ஏறாதே' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. ஆணியில் தொங்கிய கோட்டு கண்ணில் பட்டது. பெரிய சூளைக்காரனுக்குத் தெரியாததா? சென்சிரா எச்சிலை விழுங்கினான். சொல்லும் கூடவே இறங்கிப்போனது.

கட்டை முறிந்த சத்தம் வெளியே பெண்கள் வரைக்கும் கேட்டது. பச்சை இலைச் சுமையும் கழிகளும் மனிதனுமாகக் கீழே வந்து விழுந்தன. முதலில் பாய்ந்தவன் சென்சிராதான். வெறி பிடித்தவன்போல் இலைகளை வாரி எறிந்தான். லைசோனியின் இடதுகால் தொடைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. லைசோனி கத்தவில்லை, சென்சிராவின் மணிக்கட்டைப் பிடித்தவன் விடவேயில்லை.

துரை வந்தான். முறிந்த கட்டையைக் காலால் புரட்டினான்.

"லாரியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் துரை," என்றாள் லைசோனியின் மனைவி எனெலேசி.

"லாரி இலை ஏத்தப் போயிருக்கு. குப்பியில தைலம் தர்றேன், தேய். வேலை செய்ய முடியாதவனுக்கு வீடு கிடையாது. சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணு."

பிறகு சென்சிராவை மட்டும் தனியே அழைத்தான். ஆணியிலிருந்த கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டான்.

"இனி நீதான் சூளைக்காரன். அந்த வீடும் உனக்கு. நாளைக்குப் போலீஸ் கேட்டா ஒரு வார்த்தை சொல்லு: அவன் குடிச்சிருந்தான்."

"அவன் குடிக்கல துரை."

"குடிச்சிருந்தான்," என்றான் துரை, அவன் தோளைத் தட்டி. "நீ பார்த்தே."

சென்சிரா கோட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் உண்மை. குடிசைக்கு நடந்தபோது கம்பளித் துணியின் கனம் தோளில் இதமாக இருந்தது; அந்த இதம் அவனைச் சுட்டது.

மைடேய் வாசலில் பூசணிக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"அளவு சரியாத்தான் இருக்கு."

"வீடும் நமக்குத்தானாம்."

"எனக்கும் அந்த வீட்டு மேல ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். எனெலேசி அடுப்படியில சாம்பல் பறக்காதுன்னு எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன்." கீரைக் காம்பை ஒடித்து எறிந்தாள். "ஆனா அவளைப் போய் வெளியில தள்ள என்னால முடியாது. நீ போய் சொல்லு. 'எந்திரி, நான் படுக்கணும்'னு அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டு வா. அப்புறம் பாயைச் சுருட்டுறேன்."

சென்சிரா கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு போனான். வெயில் சாய்ந்திருந்தது. எனெலேசி சட்டிகளைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். லைசோனி பாயில் கிடந்தான். புகையிலைக் கழிகளையே வைத்துக் காலைக் கட்டியிருந்தார்கள். வியர்வையில் முகம் பளபளத்தது.

"வந்துட்டியா அண்ணே? உட்காரு. கோட்டுல இடது பை கிழிஞ்சிருக்கு, எதையும் போடாதே, விழுந்துடும்."

சென்சிரா பாயோரம் உட்கார்ந்தான். "எனக்கு அந்தக் கட்டையைத் தெரியும்," என்றான். "உளுத்ததுன்னு தெரியும். நீ ஏறும்போது பார்த்துக்கிட்டு நின்னேன். சொல்லல."

எனெலேசியின் கை முடிச்சில் நின்றது. லைசோனி கூரையையே பார்த்தான்.

"எனக்கும் தெரியும்," என்றான் கடைசியில். "நேத்தே துரைகிட்டச் சொன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? 'சென்சிரா இத்தனை வருஷம் அதுலதான் ஏறுனான், ஒரு நாளும் முணுமுணுத்ததில்ல. உனக்குப் பயமாயிருந்தா சொல்லு, அவனை வச்சுக்கிறேன்'னான்."

"நான் சொன்னேன்! போன வருஷமே சொன்னேன்!"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான் எங்கூடப் பேசுறதே இல்லையே." லைசோனி சிரிக்கப் பார்த்தான், வலி பல்லைக் கடிக்க வைத்தது. "உன் பேரைச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துருச்சு. உன் மேல எனக்கு அவ்வளவு பொறாமை அண்ணே."

"என் மேலயா? ஒழுகுற குடிசைக்காரன் மேலயா?"

"அந்த ஆத்தங்கரை அத்திமரத்துக்கு நீ புகையிலைப் பொடி வச்சுக் கும்பிடுறதைப் பார்த்திருக்கேன். உன் பாட்டன் அங்க படுத்திருக்கான். இன்னிக்கு உன்னைத் துரத்துனாலும் மலைக்கு அந்தப் பக்கம் உன் ஆத்தா கதவைத் திறப்பா. நான் செத்தா எந்தக் குழியில போடுறதுன்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. இந்தக் காலை வச்சுக்கிட்டு நயாசாலாந்துக்கு நடக்கச் சொல்றான். நீ மண்ணுக்காரன். எனக்கிருந்தது ஒரு கோட்டு."

இத்தனை நாளும் தன்னைத் தின்ற நெருப்புக்கு விறகு போட்டவன் யார் என்று சென்சிராவுக்கு இப்போது தெரிந்தது. ஒருவனைக் காட்டி ஒருவனை உளுத்த கட்டையில் ஏற்றிவிட்ட துரை, விழுந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு பேருக்கும் கீழே நிற்கவேயில்லை. கோட்டை விரித்து லைசோனியின் காலில் போர்த்தினான்.

"முடிச்சை அவுத்துடு தங்கச்சி," என்றான் எனெலேசியிடம். "யாரும் எங்கயும் போகல."

இருட்டுவதற்குள் பேச்சு வரிசை முழுக்கப் பரவியது. ஷோனாக்காரர்கள் ஒரு பக்கம், நயாசாலாந்துக்காரர்கள் ஒரு பக்கம், மொசாம்பிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்று பிரிந்தே அடுப்பு மூட்டிய ஜனம் அன்று தொட்டியடியில் ஒன்றாகக் கூடியது. சும்மா கூடவில்லை. "உங்காளு வந்துதானே எங்காளு இடம் போச்சு" என்று ஒருவன் கத்த, கைகலப்பாகும் போலிருந்தது. புலவாயோ நகரத்தில் ரயில்காரர்கள் மொத்தமாக வேலையை நிறுத்திய கதையை ஒருவன் எடுத்தான். "அவங்க டவுன்காரங்க. நாம நின்னா ஜெயில்தான். எசமானை விட்டு நகர்ந்தா குத்தம்னு சட்டமே இருக்கு," என்றான் இன்னொருவன்.

அப்போது மைடேய் எழுந்தாள். "பொம்பளைங்க நாளைக்கு இலை கட்டல. நாங்க கட்டாத இலை தானா நடந்து சூளைக்குள்ள போகாது. உங்களுக்குச் சண்டை போடணும்னா நல்லாப் போட்டு முடிச்சுட்டு வந்து எங்க பக்கத்துல உட்காருங்க."

விடிந்தபோது பழுத்த இலைகள் பனியோடு செடியிலேயே நின்றன. சூளைகளுக்கு முன்னாலிருந்த செம்மண் திடலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். லைசோனியைப் பாயோடு தூக்கி வந்து நடுவில் கிடத்தியிருந்தார்கள். அடுப்புகளில் சாம்பல் வெளுத்திருந்தது.

துரை குதிரைச் சாட்டையோடு வண்டியிலிருந்து இறங்கினான்.

"சென்சிரா! நெருப்பு எங்கே?"

சென்சிரா எழுந்தான். "லாரி முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் துரை. அவன் வீடு அவனுக்கே இருக்கட்டும். உளுத்த கட்டையெல்லாம் மாத்துங்க. அப்புறம் நெருப்பு எரியும்."

"உனக்கு வேலை கொடுத்தேன்!"

"அவனுக்கும் கொடுத்தீங்க."

"ஒரு அந்நியனுக்காகவா? உன் இடத்தைப் பறிச்சவனுக்காகவா?"

"என் இடத்தைப் பறிச்சது யாருன்னு எங்காத்தா என்னை நடுவழியில பெத்தப்பவே தெரியும் துரை."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. துரையின் கழுத்து சிவந்தது. சாட்டை நுனியால் முன் வரிசையைக் காட்டினான். "நீ. அல்ஃபாயி. எந்திரி. நீதான் சூளைக்காரன். கோட்டு, பூட்ஸ், வீடு. இப்பவே. போய் நெருப்பை மூட்டு."

அல்ஃபாயியின் கண் பூட்ஸ் என்ற சொல்லில் பளிச்சிட்டதைச் சென்சிரா கண்டான். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம். அது எப்படி வயிற்றில் இறங்கும், எங்கே பிடித்து இழுக்கும் என்பதெல்லாம் தெரியும். அல்ஃபாயியின் அருகில் போய் உட்கார்ந்தான்.

அல்ஃபாயி தலையைச் சொறிந்தான். சூளையைப் பார்த்தான், துரையைப் பார்த்தான், தன் வெறுங்காலைப் பார்த்தான்.

"எனக்கும் ஆசைதான் துரை," என்றான் இழுத்து. "ஆனா விடியல்லேருந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப் போச்சு. எந்திரிக்க வர மாட்டேங்குதே!"

முதலில் சிரித்தது எனெலேசி. பிறகு திடலே சிரித்தது. வலியோடு லைசோனியும் சிரித்தான். துரை வண்டியை வேகமாகத் திருப்பிக்கொண்டு, போலீசைக் கூப்பிட டெலிபோன் இருந்த பங்களாவை நோக்கிப் போனான்.

சிரிப்பு ஓய்ந்தது. வெயில் ஏறியது. பெண்கள் வேகவைத்த நிலக்கடலையைக் கைமாற்றினார்கள். யார் ஊர்க்காரன் கை என்று பாராமல் அது சுற்றி வந்தது. நெடுநேரம் கழித்து, முசாசா மரங்களுக்கு அப்பால் பெரிய சாலையில் செம்புழுதி எழுந்தது. ஒரு வண்டியல்ல, இரண்டு.

விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒருவன் மெல்லப் பின்னால் நகர்ந்தான். சென்சிரா அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"நெருங்கி உட்காருங்க," என்றான்.

ஷோனாவில் சொன்னதை லைசோனி தன் ஆட்களுக்குச் சேவா மொழியில் சொன்னான். அல்ஃபாயி தன் ஆட்களுக்கு அவர்கள் பேச்சில் சொன்னான். தோளோடு தோள் உரச ஜனம் நெருங்கியது. புழுதி பண்ணை வாசலைத் தாண்டி உள்ளே திரும்பியது. யாரும் எழவில்லை.