பூச்சி மருந்தும் பத்து டஜன் பனியனும்

'டங்'கென்று ஒரு சத்தம். மருந்து கொடுக்கும் ஜன்னலின் கல் பலகை மேல் யாரோ பாட்டிலை வைத்த சத்தம். வைத்த சத்தம் என்பதை விட, அடித்த சத்தம் என்பதே சரி. உள்ளே சின்னத் தராசில் சோடா உப்பு நிறுத்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் சேக் தாவூது திடுக்கிட்டதில் தட்டு சாய்ந்து, பாதி உப்பு மேஜையில் கொட்டிப் போயிற்று.

"ஏனுங்க பாய், இது மருந்துங்களா, இல்ல சக்கரைத் தண்ணிங்களா? வாயைத் தொறந்து சொல்லுங்க!"

நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மருதாள். லிங்கசாமி பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டி மடித்துக் கொடுப்பவள். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது படையெடுப்பு. அவளுடைய ஐந்து வயதுப் பெண் பூவாவுக்குக் கீரிப்பூச்சி. வெள்ளை வெளேரென்று, துணியில் வெட்டிப் போட்ட நூல் பிசிறு மாதிரி நெளியும் பூச்சி. பிள்ளை உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள், தின்றது உடம்பில் ஒட்டாது, அரிப்பில் சிணுங்கிக்கொண்டே இருப்பாள். டாக்டர் பைப்பரசின் மருந்து எழுதினார். கோயமுத்தூரிலிருந்து வரும் பெரிய பாட்டிலிலிருந்து தாவூது அதை அவர்கள் கொண்டுவந்த பாட்டில்களில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதப் பட்டையைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுத்தார். ஏழு நாள் மருந்து. பதினைந்து நாள் விட்டு இன்னொரு ஏழு நாள். பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் எல்லோருக்கும். நகத்தை ஒட்ட வெட்டு, பாயை வெயிலில் போடு, பிள்ளை படுக்கிற துணியைக் கொதிக்க வை என்று மனப்பாடமாக ஒப்பித்தும் அனுப்பினார். அத்தனையும் செய்தேன் என்கிறாள். பூச்சியும் இருக்கிறது என்கிறாள்.

"ஏம்மா, மெதுவாப் பேசு. உள்ள டாக்டர் நோயாளியைப் பாத்துட்டு இருக்காரு."

"அவரு காதுலயும் உழுகட்டுங்க! நானென்ன களவாண்டுட்டா வந்தேன்?"

பெஞ்சில் இருபது பேர் இருந்தார்கள். அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. மூட்டு வலிக்கு வந்திருந்த பெரியாத்தாள் என்ற கிழவி, வெற்றிலையை ஒரு பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பாலுக்குத் தண்ணி ஊத்தறாங்க, சாராயத்துக்கு ஊத்தறாங்க. மருந்துக்கு மட்டும் ஊத்தப்படாதுன்னு சட்டமா போட்டிருக்குது?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தால் கூடப் பரவாயில்லை. சுவரோரம் இருந்த ஒரு ஆள் சற்று முன் வாங்கிய தன் இருமல் மருந்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டான். அதைப் பார்த்ததும் தாவூது கொட்டிய உப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

அவருக்கு முன்னால் இந்த ஜன்னலில் இருந்த கம்பவுண்டர் உண்மையிலேயே தண்ணீர் ஊற்றி அகப்பட்டு ஓடினவன். அந்தக் கறையைத் துடைக்க தாவூதுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. 'தாவூது பாய் கை வெச்சா அளவு தப்பாது' என்று ஊர் சொல்கிற பேர் ஒன்றுதான் அவருடைய ஆஸ்தி. அதை இவள் ஒரே ஒரு 'டங்'கில் உடைத்துக்கொண்டிருக்கிறாள்!

"தாவூது!"

பாதிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரின் குரல். உள்ளே போனார். டாக்டர் பிரம்பு நாற்காலியில் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு வலது பக்கம் சாய்ந்தார். ஒரு வாரமாகவே மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று தாவூது நினைத்துக்கொண்டார்.

"மூணு தடவை மருந்து கொடுத்தும் பூச்சி போகலைன்னா என்ன அர்த்தம்? மருந்து மோசமா இருக்கணும். இல்லே, ஊத்திக் கொடுத்த கை மோசமா இருக்கணும். மருந்து மோசம்னு எனக்குத் தோணலை."

"ஐயா, அல்லா சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேண்டாம் தாவூது. வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. நீயே போய் என்னன்னு பார்த்துட்டு வா. இன்னொரு தரம் இந்தப் பேச்சு என் வாசலுக்கு வந்தா, நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்."

மத்தியானம் ஒரு மணிக்கு வைத்தியசாலை மூடியதும் தாவூது சாப்பிடக்கூடப் போகவில்லை. புதிதாக மூன்று பாட்டில் மருந்து ஊற்றி, மஞ்சள் பைக்குள் வைத்து, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக அவருக்கு ஒரே எரிச்சல். எங்கேயோ ஒரு தப்பு செய்திருப்பாள். இனிப்பு மருந்தென்று பிள்ளை பாட்டிலோடு ஒரே நாளில் குடித்திருக்கும். இல்லையென்றால் புருஷன் குடிக்காமல் சாக்கடையில் கொட்டியிருப்பான். கையும் களவுமாகப் பிடித்து, அப்படியே இழுத்து வந்து அந்த இருபது பேருக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

லிங்கசாமி கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக எட்டு வீடுகள். மூன்றாவது வீடு மருதாளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி பின்னும் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வாசலிலேயே தாவூதுக்கு முதல் அடி விழுந்தது. கயிற்றில் போர்வை, துண்டு, பாவாடை, தலையணை உறை, எல்லாம் கொதிக்க வைத்துப் பிழிந்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பாய் கூரை மேல் கிடந்தது. அரிசி காயப் போடுகிறவள் கூட இவ்வளவு ஒழுங்காகப் போட மாட்டாள்.

"வாங்க பாய். நல்லாப் பாருங்க," என்றாள் மருதாள், கையைக் கட்டிக்கொண்டு.

"மருந்தை எப்பக் குடிக்கறீங்க?"

"காத்தால வெறும் வயித்துல. பட்டையில நீங்க வெட்டின பல்லுக்கு ஒரு சொட்டு மேல கீழ போறதில்லீங்க."

"உன்ற ஊட்டுக்காரரு?"

உள்ளே தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த கிட்டுசாமி தலையைத் தூக்கினான். பின்னல் மெஷின் ஓட்டுகிறவன், சோற்றுக்கு வந்தவன். "குடிக்காம உடுவாளுங்களா? மூக்கைப் புடிச்சு ஊத்தறா. அதைக் குடிச்சுக் குடிச்சு எனக்கு இப்ப ரசங்கூட இனிக்குதுங்க. போன வாரம் என்ற வேட்டியையும் சோத்துப் பானையில போட்டு வேக வெச்சுப்போட்டா. கரை எல்லாம் ஓடிப் போச்சு. நீங்க சொன்னீங்களாமா."

"நகம்?"

இருவரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். பத்தும் பத்தும் இருபது. ஒட்ட வெட்டியிருந்தது. கிட்டுசாமியின் விரலில் வெட்டின இடத்தில் ரத்தம் கூடக் காய்ந்திருந்தது.

தாவூதுக்குத் தலை சுற்றியது. பிடிபடாமல் தப்பித்த திருடனைத் தேடி வந்தால் வீடு கோயில் மாதிரி இருக்கிறது. ஒருவேளை மருந்தில்தான் கோளாறோ? பெரிய பாட்டிலே சரியில்லையோ? அப்படியானால் அவர் கைக்கு என்ன சாட்சி? வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேறு கேள்வி இல்லாமல், "பாப்பா எங்கே?" என்றார்.

"உள்ள தூங்கறாளுங்க. வந்து பாருங்க."

உள் அறை முழுக்கப் பனியன். கம்பெனியில் இடம் போதாததால் தைத்த பீஸெல்லாம் இங்கேதான் வந்து இறங்கும். ஒரு பக்கம் பிசிறு வெட்டாத குவியல், இன்னொரு பக்கம் மடித்து அடுக்கிய சரக்கு. கூரை ஓட்டுக் கண்ணாடி வழியாக வந்த வெயிலில் கண் கூசும் வெள்ளை. அந்த அடுக்கின் மேல், மெத்தையில் ராணி மாதிரி, பூவா படுத்திருந்தாள். அரைக்கவுன் ஒரு பக்கம் ஏறியிருந்தது. தூக்கத்திலேயே கை பின்னால் போய் பறக் பறக்கென்று சொறிந்தது. பிறகு அந்தக் கை அலுத்துப் போய், கீழேயிருந்த பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

தாவூது மருதாளைத் திரும்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"சரக்குங்க. பத்து டஜன்."

"அது தெரியுது. புள்ளை எதுக்கு அது மேல படுத்திருக்குது?"

மருதாள் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் போய் ஒரு பெருமை வந்தது. "அதுதானுங்க என்ற வேலை ரகசியம். பனியனை மடிச்சு வெச்சா பொம்முனு நிக்குமுங்க, அட்டைப் பொட்டியில அடங்காது. கல்லைத் தூக்கி வெச்சா அழுக்கு ஒட்டிக்கும். இவ ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா இஸ்திரி போட்டாப்பல படிஞ்சுரும். காத்தால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. 'மருதா டஜன் மாதிரி இந்தத் திருப்பூர்லயே இல்லை'ம்பாருங்க மொதலாளி. யாருக்காவது நல்லதாக் குடுக்கோணும்னா இங்க வந்துதான் எடுப்பாரு. போன மாசம் உங்க டாக்டருக்குக்கூட ஒரு டஜன் மேலடுக்குல இருந்து எடுத்துட்டுப் போனாரு. அப்பத்தான் இவ எந்திரிச்சிருந்தா, சூடுகூட ஆறலீங்க."

"நான் என்ன சொன்னேன் மருதா? புள்ளை படுக்கற துணியை எல்லாம் கொதிக்க வெய்யின்னு சொன்னனா, இல்லையா?"

"வெச்சனுங்களே! பாய் வரைக்கும்..."

"இதை வெச்சியா?"

"நல்லாருக்குதுங்க நீங்க கேக்கறது! சரக்கைக் கொண்டி எவளாவது..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் பார்வை பிள்ளையின் கைக்குப் போயிற்று. அங்கிருந்து, தான் காலையிலிருந்து மடித்து வைத்த அடுக்குக்குப் போயிற்று. அங்கிருந்து தன் கைக்கு வந்தது. இதே கையால்தான் மடிக்கிறாள், இதே கையால்தான் சோறும் போடுகிறாள்.

"பூச்சியோட முட்டை கண்ணுக்குத் தெரியாது. பதினஞ்சு நாள் துணியில உக்காந்திருக்கும். நீங்க மருந்தைக் குடிச்சுக் கொல்றீங்க. இவ இதுல எறக்கி வெக்கறா. நீ மடிச்சு மடிச்சு மறுபடியும் எல்லாருக்கும் ஊட்டறே. ஒன்பது பாட்டில் மருந்து! மூணு மூணு ஒன்பது பாட்டில்!" தாவூது நெற்றியில் அடித்துக்கொண்டார். அவளைத் திட்டுவதா, தன்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை. துணி என்று சொன்னாரே தவிர, சரக்கு என்று சொல்லவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாதது அவர் புத்தி.

மருதாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாய், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா லாரி போகுதுங்களே. கல்கத்தாவுக்கு."

சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடியே தாவூதைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வெளிய சொல்லிப்போடாதீங்க சாமி. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா சரக்கு இந்த வாசப்படி ஏறாது. இவருக்கும் மெஷின் இருக்காது. ஊடும் அவுங்களுது. மூணு சீவனும் ரோட்லதான்."

தாவூதுக்குச் சுர்ரென்று வந்தது. "காத்தால இருபது பேத்துக்கு முன்னால என்னையக் கள்ளனாக்கிப்போட்டு, இப்ப வெளிய சொல்லாதேங்கறே! என்ற பேரு என்னாகறது? டாக்டர் என்னைய வேலையை உட்டே அனுப்பறங்கறாரு!"

"நாளைக்கே வந்து, அதே சன்னல்ல நின்னு, மருந்து நல்ல மருந்துதான்னு சொல்லிப்போடறனுங்க."

"அப்ப பூச்சி ஏன் போகலைன்னு அந்தப் பெரியாத்தாக் கெழவி கேப்பா. என்ன சொல்லுவே?"

கூடத்திலிருந்து எழுந்து வந்த கிட்டுசாமி, எச்சில் கையோடு வாசற்படியில் நின்று, மனைவியையும் தாவூதையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் தாவூதேதான் குனிந்து, பூவாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிள்ளை எடையே இல்லாமல் இருந்தாள். இந்த எடைக்குப் படிகிற பனியனா என்று ஒரு கணம் வியப்பாகக்கூட இருந்தது.

"இந்தப் பத்து டஜனையும் பிரிச்சு மூணு நாள் கூரை மேல வெயில்ல போடு. இனிமே மடிப்புக்குப் பலகையை வெச்சு, அது மேல அம்மிக்கல்லை ஏத்து. மருந்து இன்னைக்கே ஆரம்பி. புள்ளையை அந்த அறைக்குள்ள உட்டே, நானே போய் லிங்கசாமிகிட்டச் சொல்லிப்போடுவேன்," என்று பிள்ளையை மருதாளிடம் கொடுத்து, பையிலிருந்த மூன்று பாட்டிலையும் எடுத்து வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

நாலு மணிக்கு வைத்தியசாலை திறந்தது. பெரியாத்தாள் மறுபடியும் வந்திருந்தாள், வலிக்காகவா வேடிக்கைக்காகவா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் அவள் பார்த்த பார்வையைத் தாவூது கவனிக்காதது போல் உள்ளே போனார்.

"பார்த்தியா? யார் மேல தப்பு?" என்றார் டாக்டர்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும், ஒன்பது வருஷப் பேர் திரும்பிவிடும். ஆனால் டாக்டரும் லிங்கசாமியும் தினமும் சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். டாக்டர் காதில் விழுந்தது ரயில்வே கேட் தாண்டுவதற்குள் முதலாளி காதில் விழுந்துவிடும். தோளில் அந்தப் பிள்ளை படுத்திருந்த இடம் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது.

"இன்னும் ஒரு தடவை பாக்கலாமுங்க ஐயா. இந்தத் தடவை போகலைன்னா நானே சாவியை மேஜையில வெச்சுடறேன்."

"அப்ப தப்பு உன் மேலதான்னு ஒத்துக்கறியா?"

தாவூது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படியும் ஒரு அவமானம் இருக்கிறதா என்று எரிந்தது. டாக்டர் இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார். பிறகு எழுந்து போய்ப் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று மேலாக எட்டிப் பார்த்தார். மெல்லிய மல் சட்டைக்குள் புதுப் பனியனின் கழுத்து வெள்ளை வெளேரென்று தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பெரிய பாட்டில்ல இருந்து ஆறு பேருக்கு, ஏழு நாள் மருந்து ஊத்தி என் பையில வெச்சிடு தாவூது... பட்டையில பேர் எழுத வேண்டாம்."