இடது முன் மூலை

என் வீட்டுக்காரருக்கு ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் திரைச்சீலையெல்லாம் தைத்தேன்.

அவருக்கு டிங்கர் வேலை. இடிபட்டு வரும் வண்டிகளுக்கு ஒடுக்கெடுத்து நிமிர்த்துவார். எனக்குத் தையல். ஒரே பையன், தூரத்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். விடியுமுன் கிளம்பிவிடுவான். அவன் வேலை பார்த்த வண்டியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டி "போலாம் ரைட்" என்பான். தட்டினால்தான் இவர் மிதிப்பார். அப்படி விளையாடிய பிள்ளை அதே வேலைக்குப் போய், லாரி மோதிச் செத்துப்போனான்.

அதன்பிறகு அந்த வாடகை வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. கட்டிலைப் பார்த்தால் அழுகை, செருப்பைப் பார்த்தால் அழுகை. வேறு வீடு பாருங்கள் என்று நச்சரித்தேன். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"பழைய பஸ் ஒண்ணு வாங்கியிருக்கேன். அதையே வீடா மாத்திக்கலாம்."

"பஸ்ஸா? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"இது ரொம்ப நாளா ஒரு கொட்டகையில சும்மா நின்ன வண்டி. கூரை ஒழுகி ஒரு மூலை துருப்பிடிச்சுப் போச்சு. அதைச் சரி பண்ணிட்டா போதும்."

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம் பூசியிருந்தது. இடது முன் மூலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார், கடித்து வைத்த ரொட்டி மாதிரி. அதைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ வருடமாகிறது என்றார். அந்த ரகத்தில் வந்த வண்டிகளே கொஞ்சம்தானாம்.

பிறகு ஆரம்பித்தது தேடல். பையனுக்குப் பெண் பார்க்க அலைய வேண்டிய வயதில், இந்த மனுஷன் பஸ்ஸுக்கு ஹெட்லைட் கூடு தேடி அலைந்தார். சைடு கண்ணாடியைப் பிடிக்கும் கம்பி யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்ததாம். கெஞ்சி வாங்கி, அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் கேலி செய்தேன். ஆனாலும் எனக்குள் என்னவோ லேசாக இளகியது. பின்னால் படுக்கை, நடுவில் அடுப்பு, ஜன்னலோரம் என் தையல் மெஷின் என்று நானே யோசனை சொல்ல ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லியாயிற்று. புதிதாக வருகிறவர்கள் வந்து அலமாரியை அளந்து பார்த்துவிட்டும் போனார்கள்.

படியும் கதவும்தான் பாக்கி. அதே ரக வண்டி ஒன்று ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கிடங்கில் நிற்பதாகத் தகவல் வந்தது. கதவைப் பிடிக்க ஒரு கை வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

செடி மண்டிய ஓரத்தில் அது நின்றது. அந்த மூலையை முழுசாக அன்றுதான் பார்த்தேன். தேய்ந்த படி, பிடித்துக்கொள்ளக் கம்பி, கதவை ஒட்டிக் கண்டக்டர் உட்கார ஒரு மடக்குப் பலகை. இவர் கீழே படுத்து ஸ்பேனரைப் போட்டார். கிடங்குக்காரர் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க வண்டி எங்கம்மா இடிச்சது?"

"இடிக்கலண்ணே. துரு."

சிரித்தார். "துரு ஒரே மூலையாப் பாத்தா திங்கும்? விளக்குக் கூடு, கண்ணாடிக் கம்பி, இப்போ படி, கதவு. எல்லாத்தையும் என்கிட்டதானே ஃபோன்ல கேட்டாரு. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே பக்கம். நேரா வந்து அடிச்ச அடிம்மா அது."

லாரி மோதியபோது என் பையன் இடது பக்கம், முன்னால், படியில் நின்றிருந்தான். அன்றைக்கு எல்லோரும் என்னிடம் சொன்னது அதுதான். எழுந்து போனேன்.

"என்னங்க, அது எந்த வண்டி?"

ஸ்பேனர் நின்றது.

"கேக்கறது காதுல விழலையா? அவன் வண்டியா அது?"

"உடைச்சு எடைக்குப் போடறதா இருந்தாங்க," என்றார், கீழே கிடந்தபடியே. "அவன் நின்ன இடம்டி. எடைக்குப் போட விட முடியல."

"அதுல என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் பாத்தீங்களே! நான் திரை தைக்கறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே, பாவி மனுஷா!"

சட்டையைப் பிடித்து இழுத்து, கை போன இடத்தில் அடித்தேன். கிடங்குக்காரர் மெல்ல நழுவிவிட்டார். இவர் தடுக்கவில்லை. அடி ஓய்ந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"யார் யாரோ நசுக்கிட்டு வந்த வண்டியெல்லாம் நிமித்திக் குடுத்திருக்கேன். இதை நிமித்தாம எப்படி விடுவேன்?"

"நிமித்திட்டா அவன் வந்துருவானா?"

"வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அழுதார். பையனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவர், துரு மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இன்றும் தீரவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் படியில் ஏறி நின்று கம்பியைப் பிடித்தேன். எவன் கையோ தேய்த்துத் தேய்த்து வழவழவென்றிருந்தது. இறங்கி, கதவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"ம், கழட்டுங்க. ஆனா அந்த மூலையில ஒரு சாமானும் வைக்கக் கூடாது."

மாதக் கடைசியில் சாமான்களை ஏற்றினோம். திரைகளை மாட்டினேன். இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. முன்னால் தெரு காலியாகத்தான் இருந்தது. நான் படியருகில் நின்றேன்.

"எல்லாம் ஏத்தியாச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பையன் சொல்லும் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை வெளியே நீட்டி, அவர் நிமிர்த்திய தகரத்தில் இரண்டு தட்டு தட்டினேன். வண்டி நகர்ந்தது. எங்கே போகிறோம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.