செகண்ட்ஸ் பீஸ்

இந்துமதியின் கருமாதிப் பந்தலில் பந்தி முடிந்திருந்தது. அவள் கணவன் தனபாலின் பெரியப்பா ஆறுமுகசாமி கையைத் துடைத்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்.

"காலேஜ் படிக்கறப்பவே கேன்சர்னு ஒரு கிட்னிய எடுத்திருக்காங்க. பதினோரு வருசங் கழிச்சு நுரையீரல்ல வந்துருச்சு. மறைச்சுப்போட்டாங்க. செகண்ட்ஸ் பீஸை நம்ம தலையில கட்டிட்டாங்க."

அவர் பனியன் கம்பெனி முதலாளி. குறையுள்ள பீஸுக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மாமனார் ஆத்தப்பன் கடைசி நாற்காலியில் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்தே மருமகனை அவர் நேராகப் பார்த்ததில்லை.

தனபால் இப்போது எழுந்தான்.

"யாரும் மறைக்கலீங்க பெரியப்பா. பொண்ணு பாக்கப் போனன்னைக்கே அவ எங்கிட்டச் சொல்லிட்டா."

பெண் பார்த்த அன்று இருவரையும் பேசச் சொல்லி கார் ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காபி ஆறுவதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

"நானு செகண்ட்ஸுங்க. ஒரு கிட்னி இல்ல. கேன்சர் திரும்ப வந்தாலும் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பாத்து எடுங்க. எடுத்தா ரிட்டர்ன் கிடையாது."

அவன் சிரித்துவிட்டான். அந்த நிமிஷமே முடிவு செய்தான். அவள் ஒன்றுதான் கேட்டாள்: சொன்னது அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தான் மறைத்ததை எண்ணிக் கூசிப்போவார். அதனால் வருஷா வருஷம் ஸ்கேனுக்கு இருவர் மட்டுமே போய் வந்தார்கள். கடைசி வரை அந்த வாக்கை அவன் காத்தான். இன்று காக்கவில்லை.

"தெரிஞ்சேவா கட்டுனே?" என்றார் பெரியப்பா.

"தெரிஞ்சுதானுங்க. அந்தத் தைரியத்துக்காகத்தான் கட்டுனேன். இன்னொருக்கா கேட்டாலும் அவளைத்தான் கட்டுவேன்."



ஆத்தப்பன் நிமிர்ந்தார். "எம்புள்ளையா மாப்ள சொன்னா?"

"ஆமாங்க மாமா. உங்க கார் ஷெட்டுல நின்னுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே அவ."

"கேட்டா சொல்ல உட்டிருப்பீங்களா?"

"உட்டிருக்க மாட்டேன்." அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி வந்து, பந்தல் நடுவே, ஆறுமுகசாமிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா சம்பந்தி? எம்புள்ள சொல்லித்தான் கட்டிக்கிட்டா."