இருபத்தோரு இஞ்சு

புஷ்பவள்ளி மூன்றாவது முறையாக அளந்தாள். இடுப்பு எலும்பில் டேப்பின் பித்தளை முனையை வைத்து, முட்டிவரை இழுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள். வலது கால் பதினாறரை. இடது கால் பதினஞ்சரை. நாற்பது வருடம் தெருவுக்கே ரவிக்கை தைத்த கை. கால் இஞ்சுகூடத் தப்பாது. விடியற்காலையில் செத்துப்போன தேவநாதன் மறுத்து எதுவும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதை அவர் மறுக்காமல் இருந்தது இதுவே முதல் தடவை.

“செத்தவர அளந்து என்னாம்மா பண்ணப்போற?” என்றான் மகன் ராஜ்கமல்.

“காலேஜுல கேப்பாங்கடா.”

கேட்பார்கள் என்று சொல்லிவைத்தவரே அவர்தான். கடலூர்–சிதம்பரம் தடத்தில் முப்பத்தோரு வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்தே தன் இடது தொடை எலும்பு இருபத்தோரு இஞ்சுக்கு வளர்ந்துவிட்டது என்பார். ‘தானே’ புயலில் ஒரு மின்கம்பம் அந்தத் தொடைமேல் விழுந்ததாம். கம்பம்தான் இரண்டாகப் போனதாம். ஒருநாள் முன்சீட்டில் வந்த சிதம்பரத்து எலும்புப் புரொபசர் தொடையைத் தட்டிப் பார்த்தாராம், வெண்கல மணி மாதிரிக் கேட்டதாம். “டிரைவர், இந்த எலும்பு எங்க காலேஜுக்கு” என்று புதுச்சத்திரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் புக் செய்துவிட்டாராம். ஆள் உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தொடை எலும்பு என்ற கணக்கும் அந்தப் புரொபசர் சொன்னதுதான். அப்படிப் பார்த்தால் நீங்கள் ஏழடி இருக்க வேண்டுமே என்று புஷ்பவள்ளி மடக்கினாள். ஐந்தடி நாலங்குலத்தில் நின்றபடி, “உக்காந்து ஓட்டி ஓட்டி மத்ததெல்லாம் அமுங்கிப்போச்சு” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அந்த எலும்பு, பாத்ரூமின் ஈரத் தரையில் ஒடிந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலே ஒரு பந்து, அதன்கீழ் சின்னதாக ஒரு கழுத்து, அப்புறம் நீளத் தண்டு.

“உடம்புலயே பலமான எலும்பும்மா இது. ஆனா ஒடிஞ்சது கழுத்துல. பந்துக்கு ரத்தம் போறதே பெரும்பாலும் இந்தக் கழுத்து வழியாதான். தானா ஒட்டாது. ஆபரேஷனுக்கு அவரு இதயம் தாங்காது.”

ஆயிரம் கழுத்து வெட்டியிருக்கிறாள்; தொடைக்கும் ஒரு கழுத்து உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் ஒரு இஞ்சு குறுகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. ஏழு வாரம். முதுகில் புண் வந்தது. புண்ணில் அவள் விரல் நுழைகிற அளவுக்குக் குழி வந்தது. கடைசி வாரம் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எரிச்சிராத புள்ள. புக் பண்ண பொருளு. சிதம்பரத்துக்கு அனுப்பிரு.”

சரி என்று கையில் அடித்துக் கொடுத்தாள்.

“அண்ணன் உட்ட கதைய நம்பி பொணத்தத் தூக்கினு அலையணுமா அண்ணி?” என்றார் அவர் தம்பி கண்ணாயிரம்.

“கதையோ என்னாவோ. சரின்னு சொல்லிட்டேன்.”

சிதம்பரத்தில் கல்லூரி ஆள் அந்தோணிசாமி வேனுக்குள் ஏறித் துணியை விலக்கினார். உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து முதுகைப் பார்த்தார். மறுபடி மூடினார்.

“சீழ் வச்ச புண்ணும்மா. இப்டி இருந்தா எடுக்க மாட்டாங்க.”

“புண்ணு முதுகுலதானங்க? தொடையில ஒண்ணும் இல்ல. எலும்ப மட்டும் எடுத்துக்கிட்டா?”

“தனியா எடுக்கறதில்லம்மா.”

“ஒரு புரொபசரு புக் பண்ணியிருந்தாரு. டீ வாங்கிக் குடுத்து.”

ராஜ்கமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தோணிசாமி சிரிக்கவில்லை. “எந்த வருசம்மா?” என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வெளியே சாய்ந்திருந்த இடது பாதத்தை அவர் நிமிர்த்தி வைத்தார். கையை எடுத்ததும் அது பழையபடி சாய்ந்தது.

திரும்பும்போது, ஆலப்பாக்கம் தாண்டி, கண்ணாயிரத்துக்குப் போன் வந்தது. பாடை கட்ட வந்த ஆள். வெளியூர்க்காரன், தேவநாதனைப் பார்த்ததில்லை. ஸ்பீக்கரில் கேட்டான்.

“மூங்கி வெட்டணும்ணே. ஆளு என்னா உயரம்?”

கண்ணாயிரம் வாயெடுக்குமுன் பின்னாலிருந்து புஷ்பவள்ளி சொன்னாள்.

“ஏழடி.”

ராஜ்கமல் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது.

“ஏழடியாண்ணே? அவ்ளோ பெரிய ஆளா?”

“ஆமாய்யா,” என்றார் கண்ணாயிரம். “கொஞ்சம் ஜாஸ்தியாவே வெட்டு.”

நாலு மணிக்கு எடுத்தார்கள். பாடையில் பாதத்துக்கு அப்பால் இரண்டடிக்கு மேல் பச்சைத் தென்னையோலை வெறுமனே கிடந்தது. யாரோ நறுக்கிவிடலாம் என்றார்கள். கண்ணாயிரம் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். தெருமுனையில் பாடை திரும்பவில்லை. முன்னால் போனவர்கள் சுவரில் முட்டி நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டார்கள். ராஜ்கமல் தீச்சட்டியோடு நின்று பார்த்தான். யாரோ ஒருவர் ஓரமாக ஒதுங்கி, கையை ஆட்டி ஆட்டிக் குரல் கொடுத்தார்.

“பின்னால வா… வா… வரலாம்… இன்னும் கொஞ்சம் ஒடி… ரைட்டு.”

சுவரில் உரசி இரண்டு கீற்று உதிர, பாடை மெதுவாகத் திரும்பியது.