நாற்பத்தைந்து பல்

சின்னமனூர் வாழைக்காய் மண்டி ஒச்சாண்டியிடம் யாரும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. கூட்டித்தான் சொல்வார்கள். எப்படியும் அவர் குறைப்பார். குறைக்கிற அளவுக்கு முன்கூட்டியே சேர்த்துச் சொல்வதைப் பொய் என்று அந்த ஊரில் எவனும் நினைத்ததில்லை. முதுகு பிடித்துக்கொண்டபோது தேனி டாக்டர் மூன்று வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார். ஒச்சாண்டி படுத்த படுக்கையிலிருந்தே பேசிப் பத்து நாளில் முடித்தார். குலசாமி கோயிலில் அருள் வந்த பூசாரி இரண்டு கிடாய் கேட்டதற்கு, ஆடிக்கொண்டிருந்தவரை நிறுத்தி ஒரு கிடாய், ஒரு சேவல் என்று படிய வைத்தார். சாமியும் சரி என்று மலையேறிவிட்டது.

அவருடைய அக்கா மகன் மதன்குமார். தகப்பன் போன பிறகு மாமன் மண்டியிலேயே வளர்ந்தவன். ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் இரண்டு நாள் கேட்பான். ஒரு சட்டைக்கு இரண்டு சட்டை. மாமன் பாதியாக்குவார், அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வான். இரண்டு பேருக்கும் கணக்குத் தெரிந்த விளையாட்டு, யாருக்கும் நட்டமில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் அவனுக்கு இருபத்திரண்டு வயது. தார் தூக்கித் தூக்கித் தோளில் ஏறிய வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. மாமன் ஓட்டிக் கழித்த பழைய ஆர்எக்ஸ் நூறு வண்டியை, மண்டிக்குப் பின்னால் பட்டறை போட்டிருந்த ஜெபமணி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பந்தய வண்டியாகக் கோத்துக் கொடுத்திருந்தான். மார்க்கையன்கோட்டைப் பக்கம் நேர்கோடாகக் கிடக்கும் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மைல் ஓட்டம் நடக்கும். அதில் மதன்குமாரை ஜெயிக்க தேவாரம் ஊர்க்காரன் கர்ணன் ஒருவனுக்குத்தான் சாமர்த்தியம் உண்டு. அதுவும் எப்போதாவது.

இந்தச் சேதி கோயம்புத்தூர் வரைக்கும் போயிருந்தது. அங்கே பந்தய வண்டி தயார் செய்யும் சுந்தர்ராஜ் என்பவரிடம் ஓட்டிக்கொண்டிருந்த பையன் காலை ஒடித்துக்கொண்டான். அவருக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரே ஆள். ஞாயிறு வருகிறேன், மதனும் கர்ணனும் ஓடட்டும், ஜெயித்தவன் என் காரிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மதன்குமாருக்கு மண்டியை விட்டு வெளியே போக அந்த ஒரு வாசல்தான் தெரிந்தது. அன்றைக்கே பையில் துணி எடுத்து வைத்தான்.

வண்டியில் ஒரே ஒரு குறை. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம். அதில் பல் கூடினால் வண்டி எடுத்த எடுப்பில் பாயும், ஆனால் சீக்கிரம் மூச்சு முட்டி அடுத்த கியர் கேட்கும். பல் குறைந்தால் நின்று ஓடும், ஆனால் புறப்படும்போது மத்தியானச் சோறு தின்ற கணக்குப்பிள்ளை மாதிரி எழுந்திருக்கும். இருந்தது முப்பத்தொன்பது பல். ஜெபமணி எங்கோ காயலான் கடையில் நாற்பத்திரண்டு பல் சக்கரம் ஒன்றைப் பொறுக்கி வந்து மாட்டிப் பார்த்தான். பாய்ச்சலுக்குப் பாய்ச்சல், மூன்றாவது கியரின் மூச்சு சரியாக எல்லைக்கோட்டில் வந்து தீர்ந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் தேய்ந்த பல், செயின் ஏறி ஏறிக் குதித்தது. புதிதாக மதுரை லேத் பட்டறையில்தான் வெட்ட வேண்டும். அதற்கு மாமனிடம் சொல்ல வேண்டும்.

“நாப்பத்திரண்டுன்னு போய்ச் சொல்லிராதடா” என்றான் ஜெபமணி. “மொதலாளி நாப்பதுல நிறுத்துவாக. நாப்பத்தஞ்சுன்னு போடு. இழுத்துப் பறிச்சு நாப்பத்திரண்டுல வந்து நிப்பாக.”

மதன்குமாருக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. வியாழக்கிழமை, தார் ஏலம் ஓய்ந்த நேரத்தில் மாமனிடம் நாற்பத்தைந்து பல் என்றான். ஒச்சாண்டி வெற்றிலையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“உறுதியாச் சொல்றியா மாப்ள?”

முதல் கேள்விக்கே இறங்கிவிடக் கூடாது என்பது மண்டிச் சட்டம். உறுதிதான் என்றான். இரண்டாவது கேள்விக்குக் காத்து நின்றான். அது வரவேயில்லை. இரண்டாவது கேள்வியை நாளைக்குக் கேட்பார் என்று நினைத்துத் தூங்கினான். விடிந்து பார்த்தால் மாமன் மதுரை பஸ் ஏறிப் போயிருந்தார். மண்டி வைத்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு அவர் இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம், பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு நேரே பட்டறைக்கு வந்தார். சக்கரம் பளபளவென்று இருந்தது. மதன்குமார் பல்லை எண்ணினான். மறுபடி எண்ணினான். நாற்பத்தைந்தேதான்.

ஒச்சாண்டிக்கு வாய் ஓயவில்லை. மதுரைப் பட்டறைக்காரன் கால் மைலுக்கு இது அதிகம், ரெண்டு மூணு பல் குறைக்கலாம் என்றானாம். இவர் ஒரே பேச்சில் அவனை அடக்கிவிட்டாராம். வேலை முடிகிற வரைக்கும் பக்கத்தை விட்டு நகராமல், இரண்டு இட்டிலியோடு பகலை ஓட்டினாராம்.

“யாவாரம்னா பேசுவேன் மாப்ள. இது உன் பொழப்பு. இதுலயும் போய் ஒண்ணு ரெண்டுன்னு கொறைச்சா நான் மனுசனா? நீ நாப்பத்தஞ்சுன்ன. நாப்பத்தஞ்சு.”

சக்கரத்துக்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்தார். ஜெபமணி மாட்டினான். மாட்டும்போதே அவன் மூளை வேறு பக்கம் ஓடியது. முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பதினான்கு பல். அதைப் பதினைந்தாக மாற்றினால் பின்னால் நாற்பத்தைந்து இருந்தாலும் பழைய நாற்பத்திரண்டின் ஓட்டம் அப்படியே வந்துவிடும். பதினைந்து பல் சாமான் அவன் பெட்டியிலேயே கிடந்தது. அரை மணி நேர வேலை.

“மொதலாளி, அப்படியே முன்னாடியும் ஒரு பல்லு ஏத்திப்பிடுவமா?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தான்.

ஒச்சாண்டி நிமிர்ந்தார். பொருள் தெரியாமல் விலை பேச மாட்டார் அவர். இரண்டு நாளும் மதுரைப் பட்டறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தார். “முன்னாடி ஏத்துனா பாய்ச்சல் கொறையுமாம்ல? கொறைக்கிறதுக்கா நான் மதுரை வரைக்கும் போய் ஏத்திட்டு வந்தேன்?”

ஜெபமணி சும்மா கேட்டேன் என்று ஸ்பானரைத் துடைத்தான். மதன்குமாரைப் பார்த்தான். சொல்லாதே என்று அந்தப் பார்வை சொன்னது. பட்டறை நிற்பது முதலாளி இடத்தில். ஒரு பொய்யைப் பிடித்தால் அவர் அதன் வேர் வரைக்கும் தோண்டுவார். இரண்டு டயர் கேட்டு ஒன்று வாங்கியது, ஒரு நாள் வேலையை மூன்று நாளாகச் சொன்னது எல்லாம் மேலே வரும். மதன்குமார் வாயைத் திறந்தான். மாமனின் விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. ஒரு கியர்தானே கூட மாற்ற வேண்டும், என் கையிருக்கிறது என்று தனக்குத்தானே பேசி முடித்துக்கொண்டு வாயை மூடினான்.

ஞாயிறு காலை ரோட்டின் இருபுறமும் கூட்டம். கொடி இறங்கியதும் மதன்குமாரின் வண்டி வில்லிலிருந்து விட்டதுபோலக் கிளம்பியது. கர்ணன் ஒரு வண்டி நீளம் பின்தங்கினான். இரண்டாவது, மூன்றாவது. சனம் கத்தியது. தென்னந்தோப்பு முடியும் இடத்தில், கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இஞ்சின் வீல் என்று அலறியது. அலறலே மிச்சம், ஓட்டம் ஏறவில்லை. நாலாவது போட்டான். போடுகிற அந்த நொடியில் வண்டி ஒருமுறை மூச்சு வாங்கியது. அந்த மூச்சுக்குள் கர்ணன் அவன் முழங்காலைத் தாண்டிப் போய்விட்டான்.

சுந்தர்ராஜ் வந்து குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். “கை அருமையான கைங்க தம்பிக்கு. இந்தப் பல்லுதான் கெடுத்துப்போடுச்சு. கால் மைலுக்கு யாருங்க இதைச் சொன்னது?”

மதன்குமார் தலைக்கவசத்தின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நாந்தேன்” என்றார் ஒச்சாண்டி. “அவன் வேற அளவு சொன்னான். நாந்தேன் கேக்கல.”

மண்டிக்காரர் மண்டியோடு நின்றிருக்கலாமுங்களே என்று சிரித்தார் சுந்தர்ராஜ். ஒச்சாண்டியும் கூடச் சிரித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள் என்றார். சம்பளமே வேண்டாம், சோறு போட்டால் போதும் என்றார். ஒரு மாதம், பதினைந்து நாள், அடுத்த ஞாயிறு இன்னொரு ஓட்டம் என்று இறங்கிக்கொண்டே போனார். வாழ்நாளெல்லாம் அடுத்தவனை இறங்க வைத்த மனிதர் அந்த ரோட்டில் படிப்படியாக இறங்கினார். எதிராளி ஓர் அங்குலம் ஏறவில்லை. ஒரு ஆள்தானுங்க என்று மறுபடி சொல்லிவிட்டுக் கர்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு காருக்குப் போனார்.

மண்டி மினி லாரியில் வண்டியை ஏற்றினார்கள். ஜெபமணி அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். மதன்குமார் ஓட்டினான், மாமன் பக்கத்தில். வாய்க்கால் பாலம் தாண்டியதும் மாமன் கேட்டார்.

“உனக்கு எத்தனை பல்லு வேணும்?”

“நாப்பத்திரண்டு மாமா.”

ஒச்சாண்டி தலையை ஆட்டினார். “சட்டைக்குக் கூட்டிக் கேப்ப, லீவுக்குக் கூட்டிக் கேப்ப. சின்னப்பய வெளையாட்டுன்னு நானும் கொறைச்சேன். இதுலயும் என்னைய எதிர்த்தரப்பு யாவாரியாத்தேன் வச்சுப் பாத்திருக்க.”

அப்படியில்லை மாமா என்று சொல்ல வந்தான். அதையும் எவ்வளவு கூட்டிச் சொன்னால் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை. கியரை மாற்றினான்.

டவுனுக்குள் வீட்டுத் தெரு பிரிகிற இடத்தில் வண்டியை மெதுவாக்கினான். வீட்டுக்குள்ளே, கோயம்புத்தூருக்கென்று அவன் எடுத்து வைத்த பை இருந்தது.

“அங்கன எதுக்கு?” என்றார் மாமன், ரோட்டைப் பார்த்தபடியே. “மண்டியில லோடு நிக்குது. நேரா விடு.”

மதன்குமார் நேரே விட்டான்.