பேச உத்தரவு

பிரார்த்தனைக் கூடத்தின் தையலறையில் அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து வெள்ளை அங்கிகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தவர்கள்தான். இப்போது ஒரு வார்த்தை கிடையாது. தங்கைக்கு ‘மௌனம்’ போட்டிருந்தார் பெரியண்ணன்.

பெரியண்ணன் என்றால் அந்தக் கூடத்தின் தலைவர். அதட்டக்கூட மாட்டார், மகராசன். “உன் நல்லதுக்குத்தாம்மா” என்று மெதுவாகச் சொல்வார், அவ்வளவுதான். அவர் மனமிரங்கும் வரை மௌனம் போட்ட ஆளிடம் யாரும் பேசக் கூடாது. சோறு வரும், பாய் வரும், பேச்சு மட்டும் வராது.

தங்கை அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தெரிந்து வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போன் பண்ணினாள், போய்ப் பார்க்க வேண்டுமென்று அழுதாள். அதை மாடியேறிப் பெரியண்ணனிடம் போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? கூடப் பிறந்த அக்காவேதான். பாசத்தில்தான் சொன்னாள், பாவம். ஒருத்தர் தடுமாறினால் அவருக்கு நெருக்கமானவர்தான் முதலில் போய்ச் சொல்ல வேண்டும், அதுதான் உண்மையான அன்பு என்று அங்கே பாடம்.

தங்கைக்குக் கண் கலங்கியே இருந்தது. கை நழுவியது. ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி நின்றது.

“அம்மா!”

அக்கா துள்ளி எழுந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கால்கள் ஓடின. எங்கே? மாடிப்படிக்கு! அடிப்பாவி, கைக்கெட்டும் தூரத்தில் தங்கை துடிக்கிறாள், இவள் படியேறுகிறாள்.

மேலே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார் பெரியண்ணன். அவர் பார்க்கும் வரை வாசலில் நிற்க வேண்டும். நின்றாள்.

“அண்ணா, தங்கச்சி விரல்ல ஊசி ஏறிடுச்சு. அவகிட்ட பேசலாமாண்ணா?”

அவர் முகம் மலர்ந்தது. “அந்த நேரத்துலயும் கேட்டுட்டுச் செய்யணும்னு தோணுச்சு பாரு. எவ்வளவு வளந்துட்டே! போம்மா, பேசு.”

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கீழே வந்தபோது தங்கை இன்னொரு கையால் சக்கரத்தைத் தானே சுற்றி விரலை விடுவித்திருந்தாள். வெட்டுத் துணியைச் சுற்றியிருந்தாள், அதிலும் ரத்தம் ஊறியிருந்தது. மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே உன்கிட்ட பேசலாம்டி. உத்தரவு கெடச்சிடுச்சு!”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நீ எழுந்ததும் என்கிட்டதான் வர்றேன்னு நெனச்சேன்க்கா.”

படியேறியதும் வாசலில் நின்றதும் அப்போதுதான் அக்காவுக்கே உறைத்தன.

தங்கை தைத்த அங்கியை மெஷின் மேலேயே போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். அக்கா பின்னாலேயே போனாள்.

“நான் அம்மாவைப் பாக்கப் போறேன்,” என்றாள் தங்கை.

அக்காவின் கழுத்து தானாக மாடிப் பக்கம் திரும்பியது. சனியன் பிடித்த கழுத்து! இழுத்துப் பிடித்துத் திருப்பினாள்.

“நானும் வரட்டுமாடி?”

“என்கிட்டயும் உத்தரவு கேக்காதக்கா. வர்றதுன்னா வா.”

தங்கை தெருவில் இறங்கிவிட்டாள். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாடியில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா அவசர அவசரமாகச் செருப்பை மாட்டினாள், வலதும் இடதும் மாறிப்போனது. அப்படியே ஓடினாள்.